குடைக்காரர் திரும்பிய பக்கம்

மூத்தவள் கம்பியும் துணியும் கொண்டு செய்த பொம்மை, அவள் குனியும் நேரம் பார்த்து, இளையவள் இருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. இளையவள் மாடியில் இருந்தால் பொம்மை அண்ணாந்து பார்க்கும். வேலைக்குப் போயிருந்தால் கடைத்தெருப் பக்கம் பார்க்கும். அவள் பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தால், பஸ் வளைகிற இடத்திலெல்லாம் அதுவும் மெல்ல மெல்ல வளைந்து, கடைசியில் வாசலைப் பார்த்து நிற்கும். செல்போனில் அதை ஒரு படம் எடுத்து அடுத்த படம் எடுப்பதற்குள் இருக்கும் இடைவெளியில்தான் அதற்கு அசைவு. படம் எடுக்காவிட்டால் மாதக்கணக்கில் மரக்கட்டை மாதிரி நிற்கும். மாடியில் குடியிருந்த கொழுந்தன், மனைவி எந்த நிறுத்தம் வரைக்கும் வந்திருக்கிறாள் என்று தெரிந்தால் டீ போட வசதியாக இருக்குமே என்று இறங்கி வந்து, "அண்ணி, ரெண்டே ரெண்டு படம் எடுங்களேன்" என்று கேட்பார். மூத்தவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். இருந்தாலும் எடுப்பாள். இளையவள் எங்கே வந்துகொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், தம்பி பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். மேலும் கீழுமாக ஒரே வீடு, நடுவில் ஒரு மரப்படி. கீழே முன்னறையில் மூத்தவளின் தையல் மிஷின் இருந்தது. பேன்ட் மடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, ஜன்னல் திரை தைப்பது எல்லாம் அவளிடம் வரும். அவள் தைத்தால் தையல் எங்கே என்று தேடத்தான் வேண்டும். இளையவளோ, பொத்தான் தைக்கச் சொன்னால் சட்டையோடு தன் மடித்துணியையும் சேர்த்துத் தைத்துவிட்டு எழுந்திருக்கும் ரகம். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கண்ணாடி பார்க்க வந்தவர்கள் வாங்காமல் போனாலும் சிரித்துக்கொண்டுதான் போவார்கள். சமையலும் சுமார், கணக்கும் சுமார், வைத்த பொருளை வைத்த இடத்தில் தேடத் தெரியாது, அப்படியிருந்தும் அவளைப் பிடிக்காதவர் ஒருவரும் இல்லை. இந்த அநியாயத்தைக் கேட்பாரில்லையே என்பது மூத்தவளின் நெடுநாள் வருத்தம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த வீட்டில் இருந்தது ஒரே பிள்ளை, மூத்தவளின் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக் கீழே போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மாடிப்படியில் கால் வைத்துவிடுவாள். அங்கேதான் மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

ஒரு விடுமுறையில் மழை விடாமல் பெய்து, சிறுமிக்கு வெளியே போக வழியில்லாமல் போயிற்று. இளையவள் செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்துவைத்தாள். சமையலறையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துவந்து, ஒரு விரற்கடை நகர்த்தி ஒரு படம், இன்னொரு விரற்கடை நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டாள். கிழங்கு மேஜை ஓரம்வரை நடந்து போய், கீழே எட்டிப் பார்த்து, பயந்து திரும்பி வந்தது. பாதிப் படங்களில் இளையவளின் கட்டைவிரல் விழுந்திருந்தது. வெளியே மேகம் வந்து வந்து போனதால் வெளிச்சம் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து மகள் சிரித்த சிரிப்பு மரப்படியில் இறங்கி முன்னறைக்கு வந்தது. தையல் மிஷினை ஒரு சுற்றுச் சுற்றியது. மூத்தவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளப் பார்த்தாள். அது நழுவி மறுபடி மாடிக்கே ஏறிப் போய்விட்டது. அன்று அவள் தைத்த பேன்டில் ஒரு கால் குட்டையாகப் போயிற்று. அவள் கையில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

"கிழங்க உருட்டுறதெல்லாம் ஒரு வித்தையா? ஒழுங்கா செஞ்சா எப்படி இருக்கும்னு நான் காட்டுறேன், பாரு" என்று மறுநாள் காலை மகளிடம் சொன்னாள். மகள் பல் தேய்த்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி மூத்தவள் காரியத்தில் இறங்கினாள். ஸ்டாப் மோஷன் என்று இதற்குப் பெயர் என்பதும், ஒரு நொடி ஓட்டத்துக்குப் பன்னிரண்டு படமாவது வேண்டும் என்பதும் செல்போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாள். அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி எலும்பு செய்தாள். முதல் பொம்மைக்குக் கணுக்கால் ஒடிந்தது. இரண்டாவதற்குப் பாதம் பெரிதாகிப் போய் வாத்து நடை நடந்தது. மூன்றாவது, காலைத் தூக்கினாலே குப்புற விழுந்தது. உள்ளங்காலில் ஒரு நட்டை ஒட்டி, பலகையில் துளை போட்டு, அடியிலிருந்து ஸ்க்ரூ முடுக்கினால்தான் பொம்மை ஒற்றைக் காலில் நிற்கும் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது. ஸ்க்ரூக்களைக் கணவர் தன் கருவிப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கொடுத்தார். துணி விஷயத்தில் தனக்குச் சொல்லித்தர இனி ஒருவர் பிறந்து வர வேண்டும் என்று நினைத்திருந்தாள், அந்த நினைப்பிலும் மண் விழுந்தது. தொட்டுத் தொட்டு அசைத்ததில் சட்டையின் மடிப்புகள் மாறி மாறி, ஓடவிட்டுப் பார்த்தால் பொம்மையின் உடம்பு முழுக்க எறும்பு ஊறியது. துணியின் உள்பக்கம் பசை தடவி விறைப்பாக்கித் தைத்தபின் எறும்புகள் போயின.

வெளிச்சம் மாறக்கூடாது என்று ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டு, இரண்டு மேஜை விளக்குகளை வைத்துக்கொண்டாள். கலர் உடை உடுத்திக்கொண்டு பக்கத்தில் நின்றால் அந்த நிறம் பொம்மையின் முகத்தில் அடிக்கும் என்று தெரிந்ததும் கறுப்பைத் தவிர வேறு உடுத்துவதில்லை என்று ஆயிற்று. எதிர்வீட்டுக்காரர்கள் அவளைத் தொடர்ந்து கறுப்பில் பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தார்கள். டீ கொடுத்து அனுப்பி வைத்தாள். இவ்வளவு பாடுபட்டுக் கடைசியில் எழுந்து நின்ற பொம்மை ஒல்லியான ஓர் ஆள். நீளக் கோட்டு, மரத்தலை, ஊசி முனையால் திருப்பக்கூடிய மணிக் கண்கள். கையில் ஒரு குடை. அது நிஜமாகவே விரியும், மடங்கும். விரலளவுத் துணியில் அதை வெட்டித் தைத்தபோது மூத்தவளுக்குத் தன் மேலேயே மரியாதை வந்தது. குடைக்காரர் என்று மகள் பெயர் வைத்தாள். மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும் என்பதும் அவள் போட்ட உத்தரவு.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. குடைக்காரர் வீட்டிலிருந்து வெளியே வருகிறார், வானத்தைப் பார்க்கிறார், தூறல் விழுகிறது, குடையை விரித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறார். அந்தத் தெருவைக் கடக்க அவருக்கு ஒரு மழைக்காலம் தொடங்கி அடுத்த வெயில்காலம் முடியும்வரை ஆயிற்று. மகள் சாயங்காலங்களில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், விளக்கொளி அதில் பட்டுப் பொம்மையின் முகத்தில் விழுவதற்காக. "அசையாத", "மேஜைல இடிக்காத", "மூச்ச மெதுவா விடு" என்று மூத்தவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். மாடியில் ஏதாவது சத்தம் கேட்டால் மட்டும் பேச்சு நிற்கும். கொஞ்ச நாளில் மகள் அட்டையை ஒரு டம்ளரில் சாய்த்துவைத்துவிட்டு மாடிக்குப் போகத் தொடங்கினாள். மூத்தவள் விடவில்லை. செல்போன் திரையில் முந்தைய படம் மங்கலாகத் தெரியும். அதன் மேல் பொம்மையின் இப்போதைய நிலையை ஒப்பிட்டு, சரியாக இருக்கிறது என்று திருப்தியான பிறகே அடுத்த படத்தை எடுப்பாள். அதில்தான் ஏமாந்தாள். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதோடுதான் ஒப்பிட்டாளே தவிர, முதல் படத்தோடு ஒருநாளும் ஒப்பிடவில்லை. முந்தியதே ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. அதற்கு முந்தியதும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டபோது நடை அற்புதமாக இருந்தது. குதிகால் ஊன்றி, விரல் ஊன்றி, கோட்டின் நுனி ஆடி, குடை விரிந்து. ஆனால் குடைக்காரர் தெருவைப் பார்க்கவே இல்லை. வாசலை விட்டு இறங்கும்போதே தலையை மெல்லத் திருப்பத் தொடங்கி, நடுத்தெருவுக்கு வரும்போது முழுக்கத் திருப்பிவிட்டு, மாடிப்படியைப் பார்த்தபடியே நடந்து போனார்.

"வண்டி வந்தா அடிச்சிடும்மா" என்றாள் மகள்.

கழுத்துக் கம்பி திமிறுகிறது என்று மூத்தவள் தடித்த கம்பி போட்டாள். திரும்பியது. கழுத்தைப் பசை வைத்து இறுக்கினாள். இடுப்போடு திரும்பியது. மேஜையையே திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டாள். குடைக்காரர் தோள் வழியாகப் பின்னால் பார்த்தார். சரி, இந்தப் பொம்மைக்குத்தான் புத்தி சரியில்லை என்று வேறு பொம்மைகள் செய்தாள். ஒரு தபால்காரர், ஒரு பாட்டுக்காரி, இரண்டு நாய்கள். எல்லாம் அதே பக்கம்தான். கண்ணே வைக்காமல் ஒன்று செய்து பார்த்தாள். அது காதைத் திருப்பிக்கொண்டு நின்றது. இரண்டு வருஷத்தில் முன்னறை அலமாரி நிறையப் பொம்மைகள் சேர்ந்து, எல்லாம் ஒரே மாதிரி அண்ணாந்து, இளையவள் மாடியில் நடக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பேன்ட் மடிக்கக் கொடுக்க வருகிறவர்களும் உள்ளே நுழைந்ததும் தம்மையறியாமல் அண்ணாந்து பார்த்தார்கள். தான் பெற்றதும் தான் செய்ததும் ஒன்று பாக்கியில்லாமல் அவள் பக்கம் சாய்ந்துவிட்டதே என்று மூத்தவள் வெளிப்படையாகவே புகைந்தாள். இளையவளுக்கு அது எட்டவே இல்லை. "அக்கா, உங்க கை எனக்கு வராதுக்கா" என்று அலமாரி முன்னால் நின்று வாய் பிளப்பாள். அத்தனை பொம்மைகளும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பாராட்டை வாங்கி எங்கே வைப்பது என்று மூத்தவளுக்குத் தெரியாது.

ஊர் நூலகத்தின் சிறுவர் பிரிவில், ஊர்க்காரர்கள் செல்போனில் எடுத்த படங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினார்கள். திரை மூத்தவள் தைத்துக் கொடுத்தது. இரண்டு படுக்கை விரிப்புகளை இணைத்திருந்தாள், இணைப்பு எங்கே என்று நூலகரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் உருளைக்கிழங்கு ஓடியது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. கட்டைவிரல் வந்தபோதெல்லாம் அதற்கென்று தனியாகக் கை தட்டின. அடுத்து குடைக்காரர். அரங்கம் அமைதியாயிற்று. குடைக்காரர் வாசலை விட்டு இறங்கினார், வானத்தைப் பார்த்தார், மெல்லத் தலையைத் திருப்பினார். அவரோடு சேர்ந்து அரங்கத்திலிருந்த எல்லோருடைய தலையும் திரும்பியது. நூலகர் திரும்பினார், படம் ஓட்டியவர் திரும்பினார், மடியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகளும் திரும்பின. சுவரோர வரிசையில் இளையவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குடைக்காரர் தெருவைக் கடந்து முடித்ததை யாரும் பார்க்கவில்லை. படத்தின் மழைச் சத்தம் நின்றதும், முடிந்துவிட்டது என்று கை தட்டினார்கள். எல்லோரும் இளையவளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தக் கைதட்டல் மொத்தமும் அவள் மேல் போய் விழுந்தது. "ஐயோ, நான் இல்லைங்க, அக்கா செஞ்சது" என்று அவள் பதறி மூத்தவள் பக்கம் கையைக் காட்டினாள். கழுத்து திரும்பினால்தானே அந்தப் பக்கம் பார்க்க. சிலருக்கு நேராவதற்கு மறுநாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு மூத்தவள் ஒரு வேலை செய்தாள். தண்ணீர் மாடிக்குச் சரியாக ஏறுவதில்லையே என்று கொழுந்தனிடம் கவலைப்பட்டாள். இளையவளின் தலையை வருடி, "எத்தனை நாளைக்குத்தான் எங்களோடவே அடைஞ்சு கெடப்ப? தனியா இருந்தா உனக்கும் ஒரு சுதந்திரம்" என்றாள். இளையவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு கண் கலங்கினாள். ஊரின் மறுகோடியில் வீடு பார்த்து, கொழுந்தன் தன் கையாலேயே நிறம் கலந்து சுவரடித்து, இருவரும் குடிபோனார்கள். சாமான் ஏற்றிய வண்டி நகர்ந்தபோது மூத்தவள் கையசைத்தாள். உள்ளே வந்து அலமாரியை ஒரு படம் எடுத்து, மறுபடியும் ஒன்று எடுத்துப் பார்த்தாள். எல்லாப் பொம்மைகளும் வண்டி போன திசையைப் பார்த்து நின்றன. போனால் போகட்டும், மகளாவது கீழே இருப்பாள் என்று தேற்றிக்கொண்டாள்.

மகள் கீழேதான் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செருப்பைக் கழற்றினாள், கை கால் கழுவினாள், சொன்ன இடத்தில் உட்கார்ந்து எழுதினாள். மாடிப்படியில் தூசி படிந்தது. கூப்பிட்டால் அட்டையைப் பிடிக்க வந்து நின்றாள். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள். மூத்தவளுக்கு அது வெற்றி மாதிரியும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது. ஒரு விடுமுறை நாளில், குடைக்காரரின் காலடியில் மூத்தவள் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தபோது, சித்தி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று மகள் கேட்டாள். மூத்தவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"அங்க என்ன இருக்கு? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? இவ்வளவும் உனக்காகத்தானே செஞ்சிட்டிருக்கேன்?"

"நீ என்னைப் பாக்கறதே இல்லம்மா."

"என்ன பேச்சு இது?"

"பொம்மை தானா ஒண்ணும் திரும்பல. நீதான் முதல்ல திரும்புற. ஒவ்வொரு படத்துக்கும் சித்தி பக்கம் திரும்பிப் பாத்துட்டுதான் குனியிற. அதுக்கப்புறம்தான் அது திரும்புது. நான் பக்கத்துலயே அட்டையப் பிடிச்சிட்டு நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

மூத்தவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சித்தி சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாய் என்றுகூடச் சொன்னாள். மகள் அட்டையை டம்ளரில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனாள். மூத்தவள் வீம்புக்கு வேலையைத் தொடர்ந்தாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது உள்ளே யாருமில்லை. செருப்பும் இல்லை.

கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம், தோழிகள் வீடு, நூலகம் என்று ஓடினார். இளையவளுக்குப் போன் போட்டால், "இங்க வரலையேக்கா" என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள். போயிருந்தால் இளையவள் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும், காலையிலேயே கிளம்பிய பிள்ளை இவ்வளவு நேரம் வராமலிருக்க முடியாது. மூத்தவள் முன்னறையில் மிஷினுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றாள். எதைச் செய்வது என்று கைக்குத் தெரியவில்லை. தெரிந்த வேலையைக் கை தானாகச் செய்தது. குடைக்காரரை ஒரு படம் எடுத்தாள். மகள் எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள், நீலமா சிவப்பா, அதுகூடத் தனக்கு ஞாபகமில்லையே என்று நினைத்துக்கொண்டே இன்னொரு படம் எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு இளையவள் ஓடி வந்தாள், மஞ்சள் உடையெல்லாம் நனைந்து, தலை கலைந்து. இளையவள் வாசலில் நின்றாள். குடைக்காரர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மூத்தவள் மேஜைக்கடியில் குனிந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, குடைக்காரரை ஒரு சின்னப் பலகையில் முடுக்கி இளையவள் கையில் கொடுத்தாள். செல்போனையும் ஸ்டாண்டையும் தான் எடுத்துக்கொண்டாள். தெருமுனையில் கடைப் படிக்கட்டில் பலகையை வைத்து இரண்டு படம் எடுத்தார்கள். குடைக்காரர் வலது பக்கம் திரும்பினார். அடுத்த முனையில் ஒரு பழக்கடைக்காரர் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார், மூத்தவளை அவர் தினமும் பார்க்கிறவர்தான். பெரிய சாலையில் பஸ் நிறுத்தத்தில் எடுத்த படத்தில் குடைக்காரர் இளையவள் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையைக் காட்டினார். மூத்தவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. மகள் பஸ் எண்ணைச் சரியாகப் பார்த்திருக்கிறாள், சாலையைக் கடக்காமல் இந்தப் பக்கத்திலேயே ஏறிவிட்டாள். குடைக்காரருக்குச் சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுத்தேன், பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கவில்லையே என்று அவள் அந்த மழையில் வாய்விட்டே சொன்னாள். அடுத்த பஸ்ஸில் ஏறி முன்னிருக்கையில் பலகையை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு படம். கண்டக்டர் குடைக்காரருக்கு டிக்கெட் கேட்கவில்லை.

"அக்கா, என் விரல் விழுந்துடுச்சு" என்றாள் இளையவள்.

"விழட்டும். நீ பலகைய ஆட்டாம பிடி."

இளையவளின் உடையின் மஞ்சள் நிறம் குடைக்காரரின் முகத்தில் அடித்தது. வெளிச்சம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாறியது. வேறு நாளாக இருந்திருந்தால் மூத்தவள் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். இப்போது இளையவளின் முகத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு நடைபாதையாகத் தேடிக்கொண்டிருந்தாள். குடைக்காரரும் தலையை இம்மி அசைக்காமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி நிறுத்தம் ஒரு டிப்போ. அங்கே வரிசையாக நின்ற காலி பஸ்களில் ஒன்றைக் குடைக்காரர் காட்டினார். படிக்கட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். நேரக் காப்பாளர் வாங்கிக் கொடுத்த பிஸ்கட் கையில் இருந்தது. சிவப்புச் செருப்பு.

மகள் எழுந்து ஓடி வந்து சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை கிடைத்ததில் மூத்தவளுக்கு நிம்மதியாக இருந்தது, அதே நொடியில் வயிறும் எரிந்தது. இரண்டும் உண்மை, ஒன்று வந்ததால் மற்றது குறையவில்லை. ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மகள் சித்தியின் ஈர உடையில் முகத்தைப் புதைத்தபடியே ஒரு கையை மட்டும் நீட்டி, தடவித் தேடி, அம்மாவின் கறுப்புச் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா வந்தீங்க?" என்று கேட்டாள். நடக்க முடியாத ஒன்று நடந்துவிட்டதைப் போல இருந்தது அவள் கேட்டது.

"குடைக்காரர்தான் கூட்டிட்டு வந்தாரு" என்றாள் மூத்தவள். "வழி பூரா உன் பக்கம்தான் பாத்துட்டு வந்தாரு."

மகள் குடைக்காரரை ஒருமுறை பார்த்தாள். "அப்படின்னா நீயும்தானே?"

மூத்தவள் ஆமென்று தலையை ஆட்டினாள். டிப்போ விளக்குகள் போடும்வரை மூன்று பேரும் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து மிச்ச பிஸ்கட்டைத் தின்றார்கள்.

அன்று வழியில் எடுத்த படங்களை மகள்தான் பிறகு ஒன்றாகச் சேர்த்தாள். மழையில் ஒரு ஆள் கடைப் படிக்கட்டில் நிற்கிறார், தெருமுனையில் நிற்கிறார், பஸ்ஸில் போகிறார், டிப்போவில் நிற்கிறார். குதிகால் நடை எதுவும் இல்லை, வெளிச்சம் கண்ணடிக்கிறது, முகம் மஞ்சளடிக்கிறது, எங்கு பார்த்தாலும் கட்டைவிரல். அடுத்த வருஷம் நூலகத்தில் அதைப் போட்டபோது அரங்கத்தில் எல்லோரும் நேராகத் திரையைப் பார்த்தார்கள், ஒரு தலையும் திரும்பவில்லை. முடிந்ததும் கட்டைவிரலுக்காக மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிக் குழந்தைகள் கத்தின. மூத்தவளுக்கு நன்றாகவே வயிறு எரிந்தது.

இளையவள் மறுகோடி வீட்டிலேயே இருக்கிறாள். சனிக்கிழமைகளில் மகள் சாலையைக் கடந்து, சரியான பக்கத்தில் பஸ் ஏறி அங்கே போகிறாள். மூத்தவள் இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்தையும் முந்தியதோடு மட்டுமல்லாமல் முதல் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறாள், அதனால் வேலை இன்னும் மெதுவாகிவிட்டது. கொழுந்தன் டீ போட வேண்டிய நேரத்தை இப்போது போனில் கேட்கிறார். இளையவளை எங்கேயாவது யாராவது நாலு வார்த்தை புகழ்ந்தால் குடைக்காரரின் தலை அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்கிறது. "சித்தி எங்கம்மா?" என்று அட்டையைப் பிடித்தபடி மகள் கேட்பாள். "கடைய விட்டுக் கெளம்பிட்டா" என்று மூத்தவள் சொல்வாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஒற்றை விரலால் குடைக்காரரின் தலையை நேராக்கி, அடுத்த படத்தை எடுப்பாள்.